மரப் புரொப்பெல்லர் செதுக்குவது: முறுக்கு சுலபம், ஹப்தான் வில்லங்கம்

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டும் பழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் நன்றாக வேரூன்றியது. இறக்கையைத் தாங்களே கட்டுவார்கள், கார் எஞ்சினைப் பிரித்து விமானத்துக்கு ஏற்றபடி கோர்ப்பார்கள், வயரிங்கும் தாங்களே இழுப்பார்கள். புரொப்பெல்லர் என்று வந்ததும் பலர் பர்ஸைத் திறந்துவிடுவார்கள். இதழ் நெடுகக் கோணம் மாறிக்கொண்டே போகும் அந்த முறுக்கு கைக்கு வராது என்ற பயம்.

பயம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முறுக்கு வெறும் கணக்கு. கோடு போட்டு, கோடு வரைக்கும் மரத்தைக் கழித்தால் அது வந்துவிடும். அதில் கொஞ்சம் பிசகினால் வேகம் குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதில், பசையில், எஞ்சினோடு பூட்டும் நடுப்பகுதியான ஹப்பின் துளையில், போல்ட்டில் பிசகினால் இதழே பிய்த்துக்கொண்டு போகும். கொட்டகையில் செலவாகும் கவனத்தில் பாதிக்கு மேல் உளி தொடுவதற்கு முன்பே செலவாக வேண்டும்.

கைக்கருவிகளால் ஆகாத வேலையும் இல்லை இது. 1903-ல் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக்கில் பறக்கவிட்ட விமானத்தின் இரண்டு புரொப்பெல்லர்களும் ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒட்டி, கைக்கோடாரியாலும் இருகைக் கத்தியாலும் செதுக்கியவை. விட்டம் எட்டரை அடி. புரொப்பெல்லர் என்பது திருகுப் பாதையில் பறக்கும் ஓர் இறக்கை என்று கண்டுகொண்டதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அதே அளவில் நகல் செய்து பிற்காலத்தில் சோதித்தபோது திறன் 75 சதவீதத்தைத் தாண்டியது. 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததும் ஷோவியேர் என்பவர் செய்த, வால்நட் பலகைகளை ஒட்டிச் செதுக்கிய புரொப்பெல்லரோடுதான்.

எண்கள்

பேச்சு பொதுவாகப் போய்விடாமலிருக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சினிலிருந்து மாற்றியமைத்த 1835 சிசி எஞ்சின், சுமார் 60 குதிரைசக்தி. இடையில் கியர் கிடையாது. கிராங்க் தண்டின் முனையிலேயே புரொப்பெல்லர். சுழற்சி நிமிடத்துக்கு 3200. ஒற்றை இருக்கை விமானம், மணிக்கு 165, 170 கிலோமீட்டரில் பறந்தால் போதும். இதற்கு 1370 மி.மீ விட்டம், 1000 மி.மீ பிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எஞ்சினுக்கு மரம்தான் பொருத்தம் என்பதற்குக் காரணம் உண்டு. நாலு சிலிண்டரும் மாறிமாறி வெடிக்கும்போது கிராங்க் தண்டில் விழும் அதிர்வை மரம் தன் நாருக்குள்ளேயே வாங்கித் தணித்துவிடும். அலுமினியம் அதைச் சுமந்துகொண்டே சுழன்று, ஒரு நாள் களைத்து விரிசல் விடும். கனமான உலோகப் புரொப்பெல்லர், காருக்காகச் செய்த கிராங்க் தண்டையும் விமானம் திரும்பும் ஒவ்வொரு முறையும் வளைக்கப் பார்க்கும்.

விட்டத்தை முடிவு செய்வது நுனி வேகம். 1370 மி.மீ விட்டத்தின் சுற்றளவு 4.3 மீட்டர்; நொடிக்கு 53 சுற்று; ஆக நுனி நொடிக்கு 230 மீட்டரில் பறக்கிறது. ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 260-ஐத் தாண்டினால் சத்தம் காதைப் பிளக்கும், சக்தி இழுவிசையாக மாறாமல் வீணாகும்.

பிட்ச் என்பது, திருகாணி மரத்தில் இறங்குவதுபோல் புரொப்பெல்லர் நழுவாமல் முன்னேறினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது. ஒரு மீட்டர் பிட்ச், நிமிடத்துக்கு 3200 சுற்று: மணிக்கு 192 கிலோமீட்டர். காற்று மரமல்ல, கொஞ்சம் நழுவும். 168-ல் பறந்தால் நழுவல் 12, 13 சதவீதம், நியாயமான கணக்கு.

முறுக்கின் ரகசியம் முழுவதும் இங்கேயே இருக்கிறது. மையத்திலிருந்து 150 மி.மீ தள்ளியிருக்கும் ஒரு புள்ளி ஒரு சுற்றில் 942 மி.மீ ஓடுகிறது. 650 மி.மீ தள்ளியிருக்கும் புள்ளி 4084 மி.மீ ஓடுகிறது. இரண்டும் முன்னேற வேண்டியது அதே 1000 மி.மீதான். ஆகவே உள்ளே இருப்பது செங்குத்தாக நிமிர வேண்டும், வெளியே இருப்பது படுக்க வேண்டும். பிட்சை அந்த இடத்தின் சுற்றளவால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். நம் உதாரணத்தில் 150 மி.மீ நிலையில் 46.7 பாகை, 250-ல் 32.5, 350-ல் 24.5, 450-ல் 19.5, 550-ல் 16.1, 650-ல் 13.8.

இதழின் அகலத்தையும் முடிவு செய்துவிட்டால் கட்டையில் போட வேண்டிய கோடுகள் கிடைத்துவிடும். அகலத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் மேலிருந்து பார்க்கும்போது தெரியும் அகலம். சைனால் பெருக்கினால் பக்கவாட்டில் தெரியும் உயரம். 250 மி.மீ நிலையில் இதழ் 115 மி.மீ அகலம் என்றால், மேலே 97, பக்கவாட்டில் 62. 550 மி.மீ நிலையில் 105 அகலம் என்றால் 101-ம் 29-ம். அதனால்தான் கட்டை தடிமனாக வேண்டியிருக்கிறது. 80 மி.மீ தடிமன், 130 மி.மீ அகலம், 1400 மி.மீ நீளம் இதற்குச் சரியாக இருக்கும்.

மரமும் பசையும்

3200 சுற்றில் இதழை வெளியே இழுக்கும் விசையைக் கணக்கிட்டுப் பார்த்தால் மரக்கடையில் சும்மா ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வரத் தோன்றாது. ஓர் இதழ் ஒரு கிலோ, அதன் எடைமையம் மையத்திலிருந்து 28 செ.மீ என்றால், இழுப்பு சுமார் 3.2 டன். நார் நீளவாக்கில் ஓடும் நல்ல மரத்துக்கு இது சுமையே இல்லை. குறுக்கு இழுப்பில் அதே மரத்தின் பலம் இருபதில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். நார் சாய்ந்து ஓடினால் இழுப்பில் ஒரு பகுதி குறுக்கே விழுகிறது. விமான மரத்துக்கான பழைய வரம்பு 15-க்கு 1: பதினைந்து அங்குலம் போனால் நார் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. பலகையின் முகத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, விளிம்பையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் நாரின் போக்கு. கணு இருந்தால் பேச்சே இல்லை, ஒதுக்கிவிடுங்கள்.

பிர்ச், ஹார்ட் மேப்பிள், பீச், ஆஷ், மஹோகனி எல்லாம் நன்றாக உழைத்துக் காட்டியவை. ஸ்ப்ரூஸ் இலேசு, ஆனால் மென்மை. முன்விளிம்பில் கல் தெறித்தால் பள்ளம் விழும், ஹப்பில் போல்ட் இறுக்கினால் அமுங்கும். நம்மூர்க்காரர் யாருக்கும் முதலில் தேக்கு நினைவுக்கு வரும். பூச்சிக்கும் தண்ணீருக்கும் அசையாத மரம்தான். அந்தக் குணத்தைக் கொடுக்கும் எண்ணெயே பசையை ஒட்டவிடாது என்பதுதான் சங்கடம்.

ஒரே கட்டையில் ஏன் செய்வதில்லை? 80 மி.மீ தடிமனில் உள்ளே காயாத ஈரம் இருக்கும், காயும்போது முறுக்கிக்கொள்ளும், உள்ளே ஒளிந்திருக்கும் குறையும் தெரியாது. 16 மி.மீ பலகை ஐந்து என்றால் ஒவ்வொன்றையும் இருபக்கமும் பார்க்கலாம், ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் சீராகக் காய வைக்கலாம். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பலகையையும் நடுவில் தாங்கி எந்த முனை கனம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கனமான முனைகளை மாற்றி மாற்றி வைத்து அடுக்கினால் கடைசியில் சமநிலைப் படுத்தும் வேலை பாதியாகும். முனையில் தெரியும் வளையங்களின் வளைவையும் அதேபோல மாற்றி மாற்றி வையுங்கள்.

பசையில் மரபு ரிசார்சினால். தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது, ஒட்டிய இடம் கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். ஆனால் இடைவெளியைப் பொறுக்காது, கடின மரத்துக்குச் சதுர செ.மீட்டருக்கு 12 முதல் 14 கிலோ அழுத்தம் கேட்கும். நம் கட்டையின் முகம் 1820 சதுர செ.மீ, பெருக்கினால் 22 டன்னுக்குக் குறையாது. பத்துப் பன்னிரண்டு கிளாம்ப் வைத்து ரிசார்சினால் போடுகிறவர் தன்னை ஏமாற்றிக்கொள்கிறார். கொட்டகை வேலைக்கு எபாக்சிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு லேசான அழுத்தம் போதும். அங்கே தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: பலம்கொண்ட மட்டும் இறுக்கிப் பசையைப் பூராவும் பிதுக்கி வெளியேற்றிவிடுவார்கள். தச்சுப் பட்டறையின் வெள்ளைப் பசை வேண்டாம். தொடர்ந்து இழுவை இருந்தால் மெல்ல மெல்ல நகரும், சூட்டில் இளகும்.

இழைத்த அன்றைக்கே ஒட்டுங்கள். ஆற வைத்த மரத்தின் முகம் பசையைச் சரியாக உறிஞ்சாது. அதே கலவையில் இரண்டு மிச்சத் துண்டுகளையும் ஒட்டி வையுங்கள். பசை முழுதும் இறுகிய பிறகு அதை உளியால் அடித்துப் பிளங்கள். மரம் கிழிந்தால் நல்லது. பசைக் கோட்டில் வழவழவென்று பிரிந்துவந்தால் அந்தக் கட்டை அடுப்புக்குத்தான், எவ்வளவு செலவழித்திருந்தாலும். ஒட்டிய கட்டையை ஒரு வாரமாவது அசையாமல் கிடக்கவிட்டு, பிறகு கை வையுங்கள்.

துளை, திசை

செதுக்கத் தொடங்குவதற்கு முன்பே, கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுத்துளையையும் போல்ட் துளைகளையும் போட்டுவிட வேண்டும். செதுக்கிய பிறகு தட்டையாக உட்கார வைக்க முகமே இருக்காது. நிலையான டிரில் பிரஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். துளை பத்தில் ஒரு பாகை சாய்ந்தால் 80 மி.மீ தடிமனில் அது 0.14 மி.மீ, கண்ணுக்குத் தெரியாது. நுனியில் ஓர் இதழ் 1.2 மி.மீ முன்னே, மற்றது 1.2 பின்னே, வித்தியாசம் 2.4 மி.மீ. இரண்டு நுனிகளும் 1.5 மி.மீட்டருக்குள் ஒரே தளத்தில் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு பாகையே அதிகம்.

அடுத்தது சுழலும் திசை. விமானத்துக்கென்றே செய்யும் லைகாமிங், கான்டினென்டல் எஞ்சின்கள் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். ஃபோக்ஸ்வாகன் எஞ்சினில் புல்லி இருக்கும் முனையில் புரொப்பெல்லரைப் பூட்டினால் விமானிக்கு எதிர்த்திசையில் சுழலும்; ஃப்ளைவீல் இருக்கும் முனையில் பூட்டினால் வழக்கமான திசை. ஒரே எஞ்சின், இரண்டு திசை. இதைக் கவனிக்காமல் வேறு எஞ்சினின் வரைபடத்தை வைத்துக்கொண்டு செதுக்கி முடித்தவர்கள் உண்டு. புரட்டி மாட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. வலது மரையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வலது மரைதான். கட்டையின் இரு முகத்திலும், இரு முனையிலும் அம்புக்குறி போட்டு, முன்விளிம்பு எது என்று எழுதி வையுங்கள்.

செதுக்கல்

முதலில் மேல்தோற்றம், பிறகு பக்கத்தோற்றம், இரண்டையும் பேண்ட்சாவில் வெட்டிக்கொண்டால் முறுக்கின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். இப்போது ஒவ்வோர் இதழிலும் ஒரு மூலைவிட்டத்துக்கு இருபுறமும் வேண்டாத மரம் இருக்கிறது. விமானியைப் பார்க்கும் தட்டை முகத்திலிருந்து ஆரம்பியுங்கள். 25 மி.மீட்டருக்கு ஒரு ரம்பக் கீறல், முன்விளிம்புக் கோட்டிலிருந்து பின்விளிம்புக் கோடு வரை, இரண்டையும் தொட்டும் தாண்டாமலும். கீறல்களுக்கு இடையிலிருக்கும் மரத்தை உளியும் கொட்டாப்புளியும் வைத்துத் தட்டினால் கட்டிக்கட்டியாகப் பெயர்ந்து விழும். பிறகு இருகைக் கத்தி. எப்போதும் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு, அதாவது ஹப்பிலிருந்து நுனி நோக்கி இழுங்கள். எதிராக இழுத்தால் கத்தி நாருக்குள் புகுந்து ஆழமாகப் பிய்த்துவிடும். பக்கத்துப் பலகையின் நார் வேறு வாக்கில் ஓடும் இடங்களில் கத்தியை வைத்துவிட்டு ஸ்போக்‌ஷேவ் என்கிற சிறு இழைப்புளிக்கோ அரத்துக்கோ மாறுங்கள்.

தட்டை முகம் முடிந்த பிறகுதான் வளைந்த முன்முகம். பெரும்பாலும் கிளார்க் ஒய் என்ற இறக்கை வடிவம் போன்ற, அடி தட்டையான குறுக்குவெட்டு. 550 மி.மீ நிலையில் 105 அகலத்துக்கு 11, 12 மி.மீ தடிமன், 250-ல் 25 மி.மீ, நுனியில் அகலத்தில் 9 சதவீதம். ஒவ்வொரு நிலைக்கும் தகரத்திலோ பிளைவுட்டிலோ ஒரு டெம்ப்ளேட் வெட்டி வைத்து, உள்ளே வெளிச்சம் தெரியாமல் முட்டும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். முன்விளிம்பை 1.5, 2 மி.மீ ஆரத்தில் உருட்டுங்கள். பின்விளிம்பைக் கத்திபோல ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், 1.5 மி.மீ விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நார் பிளந்துகொள்ளும்.

எந்த அளவுகோலும் காட்டாததைப் பசைக் கோடுகள் காட்டும். ஐந்து பலகை ஒட்டிய கட்டையைச் சாய்வாகச் செதுக்கும்போது நாலு பசைக் கோடுகளும் மலை வரைபடத்தில் உயரக் கோடுகள் போல இதழின்மேல் வளைந்து ஓடும். முகம் சீராக இருந்தால் கோடும் சீராக ஓடும். எங்காவது கோடு நெளிந்தால் அங்கே மேடு அல்லது பள்ளம், விரல் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும். ஓர் இதழின் கோடுகளையும் மற்றதன் கோடுகளையும் தள்ளி நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இதழும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்பதற்கு இதைவிட வேகமான சோதனை இல்லை.

அந்த ஒற்றுமைதான் முக்கியம். ஆரத்தின் முக்கால் பாகத்தில், அதாவது 514 மி.மீட்டரில் கோணம் 17.2 இருக்க வேண்டும். இரண்டு இதழிலும் ஒரு பாகை கூடிவிட்டால் பிட்ச் 1062 மி.மீ ஆகும், எஞ்சின் கொஞ்சம் மந்தமாகச் சுழலும், அவ்வளவுதான். ஓர் இதழில் மட்டும் கூடினால் அது அதிகமாக இழுக்கும், மற்றது குறைவாக இழுக்கும், விமானம் மொத்தமும் நடுங்கும். தராசில் எவ்வளவு துல்லியமாகச் சமன் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

சமநிலை

நடுத்துளையில் இறுக்கமாகப் பொருந்தும் தண்டைக் கோர்த்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்த இரண்டு கத்தி விளிம்புகள்மேல் உருளவிடுங்கள். படுக்கை வாக்கில் வைத்தால் எந்த இதழ் கனம் என்று தெரியும். செங்குத்தாக நிறுத்தினால் ஹப்பின் எந்தப் பக்கம் கனம் என்று தெரியும். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். நுனியில் ஒரு கிராம் கூடுதலாக இருந்தால் 3200 சுற்றில் அது ஏறக்குறைய 8 கிலோ விசையாக, நொடிக்கு 53 முறை சுற்றிச்சுற்றி எஞ்சினை உலுக்கும். பெரிய வித்தியாசத்தைக் கனமான இதழின் முன்முகத்தில் உப்புத்தாள் போட்டுக் கழியுங்கள். கடைசிக் கிராமை இலேசான இதழின் நுனியில் ஒரு கை வார்னிஷ் கூடுதலாகப் பூசித் தீர்த்துவிடலாம். வார்னிஷ் நடுத்துளைக்கும் போல்ட் துளைகளின் உட்சுவருக்கும் கட்டாயம் போக வேண்டும், ஈரம் முதலில் புகும் வழி அதுதான்.

போல்ட்

எஞ்சினின் சக்தி போல்ட் வழியாக மரத்துக்குப் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போவது உராய்வின் வழியாக. முன்னால் ஓர் அழுத்தத் தகடு, பின்னால் எஞ்சினின் ஹப் முகம், நடுவில் மரம். போல்ட்களின் வேலை இந்த மூன்றையும் நழுவாமல் நெரித்துப் பிடிப்பது. போல்ட் தளர்ந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் மரம் நூலிழை முன்னும் பின்னும் அசையும். அசைந்தால் சூடு, சூட்டில் மரம் கரியும், கரிந்தால் இன்னும் தளரும். கழற்றிப் பார்க்கும்போது ஹப் முகத்தில் கருகிய வளையம் தெரிந்தால் அந்தப் புரொப்பெல்லரின் ஆயுள் முடிந்தது. கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் மரத்தின் சுமையெல்லாம் போல்ட்களின்மேல் விழுந்து, அவை ஒவ்வொன்றாக அறுந்துவிடும்.

இறுக்கமும் அளவோடு இருக்க வேண்டும். 3/8 அங்குல போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம். ஹப் செய்தவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. மேலே போனால் நார் நசுங்கும், நசுங்கிய மரம் திரும்ப எழாது. முதல் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை மறுபடி வையுங்கள், 25 மணிக்கு ஒரு தரம், பருவம் மாறும்போதெல்லாம் ஒரு தரம். கோடையில் மரம் சுருங்கும், போல்ட் தளரும். மழைக்காலத்தில் உப்பும், தகட்டுக்கடியில் தன்னையே நசுக்கிக்கொள்ளும். அடுத்த கோடையில் தளர்ச்சி இரண்டு மடங்கு.

முதல் ஓட்டம்

வாலைக் கட்டி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். நின்ற இடத்தில் முழு த்ராட்டிலில் 2800 போல வந்தால், பறக்கும்போது சுமை குறைந்து 3200-ஐத் தொடும். 2600-லேயே திணறினால் விட்டமோ பிட்சோ அதிகம். விட்டத்தை 25 மி.மீ, நுனிக்குப் பன்னிரண்டரையாகக் குறைத்தால் புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுமார் 9 சதவீதம் குறையும், சுழற்சி ஏறக்குறைய 3 சதவீதம் ஏறும். வெட்ட முடியும், ஒட்ட முடியாது. அதனால்தான் முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டுவைப்பது. வெட்டிய பிறகு சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாத எஞ்சின், புரொப்பெல்லர் சேர்க்கை என்றால் சோதனைப் பறத்தல் வழக்கமாக 25-க்குப் பதில் 40 மணி நேரம். கையால் செதுக்கியதற்கு இந்தக் கூடுதல் பதினைந்து மணி அதிகமில்லை.

நொடிக்கு 230 மீட்டரில் போகும் முன்விளிம்பில் மழைத்துளி விழுந்தால் கல் விழுந்த மாதிரிதான். வார்னிஷ் உரிந்து மரமே சொரசொரப்பாகிவிடும். பித்தளைத் தகடு மடித்து ரிவெட் அடிப்பது பழைய வழி. நுனியில் ஈரம் வெளியேற ஊசித்துளைகள் போட மறக்கக் கூடாது. இப்போது எபாக்சி வார்ப்பும் யூரித்தேன் பட்டையும் அதிகம். எதுவானாலும் மழையில் மாட்டிக்கொண்டால் த்ராட்டிலைக் குறையுங்கள். விமானத்தை நிறுத்தும்போது புரொப்பெல்லரைப் படுக்கை வாக்கில் விடுங்கள். செங்குத்தாக விட்டால் ஈரமெல்லாம் கீழ் இதழில் இறங்கித் தங்கும், மறுநாள் காலை கத்தி விளிம்பில் வைத்துப் பாடுபட்டுச் சமன் செய்த அந்த ஒரு கிராம் திரும்பி வந்திருக்கும்.